கேட்கப் பழகாதவருக்காக நீங்கள் கேளுங்கள்

பட்டாளத்தில் சேருகிற பையனுக்கு முதலில் பழக்குவது துப்பாக்கி சுடுவதை இல்லை. உத்தரவுக்கு மறுபேச்சு கிடையாது என்பதைத்தான். சட்டமும் அவனை அப்படியே கட்டி வைத்திருக்கிறது. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறுக்கும் அதிகாரத்தை அரசியல் சாசனத்தின் 33-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளின்படி, அனுமதி இல்லாமல் அவன் சங்கம் சேர முடியாது, பத்திரிகைக்கு ஒரு வரி எழுத முடியாது. அரசியல் மேடை ஏறவும் முடியாது. நாட்டின் காவலுக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

அப்படி 15 ஆண்டு, 17 ஆண்டு, 24 ஆண்டு இருந்துவிட்டு ஒரு மனிதர் கோவில்பட்டிக்கோ விளாத்திகுளத்துக்கோ திரேஸ்புரத்துக்கோ திரும்பி வருகிறார். வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும். வந்த மறுநாளே அவரை ஒரு கவுண்டருக்கு முன்னால் நிறுத்திவிடுகிறோம். மனு எழுது, நகல் எடு, போன மனு என்னாச்சு என்று கேள், கிடைக்கவில்லையா சத்தம் போடு என்கிறோம். வாழ்க்கையின் நல்ல பாதியை எதையும் கேட்காமல் இருக்கப் பழகிய மனிதர் அவர். ஒருதரம் கேட்பார், இல்லை என்றதும் திரும்பி வந்துவிடுவார். "அத விடுங்க தம்பி, அவங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்லா" என்பார். இந்தப் பேச்சை எத்தனை மிலிட்டரி அண்ணாச்சிகள் வாயால் நீங்களே கேட்டிருப்பீர்கள்!

அவர் கேட்க மாட்டார். ஆகவே நீங்கள் கேட்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம், உங்களால் அது முடியும் என்பதற்கான சாட்சி.

"நான் யார் கேட்பதற்கு?" இந்தக் கேள்விதான் உங்கள் தொண்டையில் நிற்கிறது. எனக்குத் தெரியும். நான் பட்டாளத்துக்காரன் இல்லை, வக்கீல் இல்லை, கட்சியில் ஆள் இல்லை. உப்பளத்தில் கூலி. துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறேன். வலை பின்னுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நான் போய் நின்றால் யார் மதிப்பார்? தம்பி, தங்கச்சி, அண்ணாச்சி, அக்கா, இந்தத் தூத்துக்குடியில் பிறந்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமையே கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். முதலாளி வெள்ளைக்காரன், கலெக்டரும் வெள்ளைக்காரன், போலீஸ் அவர்கள் கையில். தொழிலாளிகளின் பக்கம் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் நின்றார்கள் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவர்களுக்குப் பின்னால் நின்றது யார் என்பதைப் படித்தோமா? ஊர் நின்றது. வீடுகளில் சோறு வடித்துத் தொழிலாளிக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, வேலைநிறுத்தத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டார். உனக்கெதற்கு இந்த விஷயம் என்கிற மாதிரி பதில் வந்தது. கத்தியை மடித்து எடுத்துக்கொண்டு அவர் எழுந்து போனார். வக்கீல் பாதி முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் போராட்டத்தை எதிர்த்தவர்களுக்கு இந்த ஊரில் முகம் வழிக்க ஆள் கிடைக்கவில்லை, துணி வெளுக்க ஆள் கிடைக்கவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

அந்தச் சவரத் தொழிலாளி மில்லில் வேலை செய்தவர் இல்லை. கோரல் மில்லில் ஒரு பைசா கூலி ஏறினாலும் அவர் பைக்கு ஒன்றும் வராது. அவருக்குப் பட்டமோ பதவியோ கிடையாது. ஆனால் தன் ஊர்க்காரனுக்கு நடப்பது தன்னைப் பற்றிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் யார் கேட்பதற்கு என்று அவர் யோசித்திருந்தால்? அவருடைய தெருக்களில்தான் நீங்களும் நானும் நடக்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே வ.உ.சி. 1912 கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி போயிருந்தது, வக்கீல் சன்னது போயிருந்தது, சொத்தும் போயிருந்தது. ஒரு வெள்ளை நீதிபதி மனம்வைத்துச் சன்னதைத் திருப்பித் தரும்வரை வருஷக்கணக்கில் குடும்பத்தை ஓட்ட அவர் பட்ட பாடு பெரிது. 1936 நவம்பர் 18-இல் இந்த ஊரிலேயே கண்ணை மூடினார். பின்னால் துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்தோம். உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியதைச் செய்யாமல் பின்னால் பெயர் வைப்பது என்ன என்பதை நம்மைவிட அறிந்த ஊர் கிடையாது. இன்னொரு முறை அதைச் செய்யப் போகிறோமா?

அது பழைய கதை என்பீர்கள். சரி, சட்டப் புத்தகத்தில் இருக்கிற கதைக்கு வருவோம்.

1979-இல் மத்திய அரசு பென்ஷன் கணக்கைத் திருத்தியது. அந்த ஆண்டு மார்ச் 31-க்குப் பின் ஓய்வு பெற்றவருக்குக் கூடுதல் பென்ஷன், அதற்கு முன் ஓய்வு பெற்றவருக்கு இல்லை. ஒரே வேலை, ஒரே பதவி, ஒரே வருஷக் கணக்கு, ஆனால் ஒரு தேதிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இதை எதிர்த்து மூன்று பேர் உச்ச நீதிமன்றம் போனார்கள். முதலாமவர் டி.எஸ். நகாரா, மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டாமவர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது மனுதாரர் யார் தெரியுமா? 'காமன் காஸ்' என்கிற குடிமக்கள் சங்கம். ஹெச்.டி. ஷோரி என்பவர் 1980-இல் தொடங்கியது. பொதுமக்களின் குறைகளை எடுத்துப் பேச வேண்டும் என்பதைத் தவிர அந்தச் சங்கத்துக்கு இந்த வழக்கில் சொந்த லாபம் எதுவும் கிடையாது. அரசுத் தரப்பு கேட்டது, இவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று. நம்மை நாமே கேட்டுக்கொள்கிற அதே கேள்வி! பொதுநலனுக்காக அந்தச் சங்கம் வழக்கில் நிற்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

1982 டிசம்பர் 17-இல் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு. பென்ஷன் என்பது அரசு மனமிரங்கிக் கொடுக்கும் கொடை இல்லை, உழைத்துச் சம்பாதித்த உரிமை என்றது. தேதியை வைத்துப் பிரித்தது செல்லாது என்றது. இன்றும் நாடு முழுக்க டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்தத் தேதியைச் சற்று நினைவில் வையுங்கள். சரியாக 41 ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் 17-இல், நம் மாவட்டத்தின் மேல் வானம் இடிந்து விழுந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், ஏறத்தாழ 800 பேர் சுற்றிலும் வெள்ளத்தோடு ரயிலில் கிடந்தார்கள். அப்போது மேலே கேட்ட சத்தம் என்ன? விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்கள். சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள், ஆட்களைத் தூக்கினார்கள். கயிற்றை இறக்குவதற்கு முன்னால் நம் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கவில்லை.

எழுத்துப் பிழை என்று ஏன் சொல்கிறேன்? கரிசல் கிராமங்களில் போய்க் கேளுங்கள். கணவர் சிப்பாயாக இருந்து இறந்திருப்பார். அவர் படையில் சேர்ந்து கல்யாணம் முடித்தபோது அலுவலகத்தில் ஹிந்தி மட்டும் தெரிந்த ஒரு கிளார்க் மனைவி பெயரைக் காதால் கேட்டு எழுதியிருப்பார். மாடத்தி மாதாடி ஆகியிருப்பாள், சண்முகக்கனி சன்முகா ஆகியிருப்பாள். ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு பெயர். அவர் இருந்தவரை அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவர் போன பிறகு குடும்ப பென்ஷன் கேட்கும்போதுதான் அது கண்ணுக்குத் தெரியும். அபிடவிட் வேண்டும், சான்றிதழ் வேண்டும், ரெக்கார்ட் ஆபீசில் இருந்து திருத்த உத்தரவு வேண்டும். பென்ஷன் ஆணை பிரயாக்ராஜில் இருந்து வர வேண்டும். வயதான அந்த அம்மாவுக்குப் பிரயாக்ராஜ் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ராணுவ பென்ஷன் எல்லாம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்கிற கணினித் திட்டத்துக்குள் வந்துவிட்டது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடவுச்சொல் என்றால் என்னவென்று தெரியாதவருக்கு அது பூட்டிய கதவு.

ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலோருக்கு நவம்பர் மாதம், உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நிற்கும். உப்பளத்திலும் காட்டிலும் உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழுவதில்லை. மெஷினில் பதியவில்லை என்று அனுப்பிவிட்டால் அந்த அம்மா பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார். கைரேகை விழாவிட்டால் முகத்தைக் காட்டியே கைபேசியில் உயிர்ச்சான்று பதியலாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? உங்கள் சட்டைப் பையில் இருக்கிற கைபேசியில் பத்து நிமிஷ வேலை அது! நீங்கள் ரீல்ஸ் பார்க்கிற அதே போன். ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதும் எரியாததும் அந்தப் பத்து நிமிஷத்தில் இருக்கிறது. இதற்கு என்ன தகுதி வேண்டும் உங்களுக்கு? வக்கீல் படிப்பா? கட்சிக் கார்டா? நான் செய்கிறேன் ஆச்சி, முகத்தைக் கொஞ்சம் நேரே வையுங்கள் என்று சொல்லும் வாய் போதும்.

இந்தக் கரையில் ஒரு வழக்கம் சொல்வார்கள். முத்துக் குளிக்கிற காலத்தில், காலில் கல்லைக் கோத்துக்கொண்டு மூச்சடக்கிப் பாருக்கு இறங்குகிறவனின் கயிற்றை மேலே மச்சான்தான் பிடிப்பானாம். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் அவன் கண் அசராது. 1961-இல் நடந்ததுதான் இங்கே கடைசி சலாபம். முத்துக்குளிப்பு போனாலும் அந்த முறை தெரிந்த ரத்தம் இன்னும் இங்கே ஓடுகிறது. நம் ஊர்ப் பையன் எல்லைக்குப் போகும்போது அவனோடு கயிற்றின் ஒரு நுனியும் போகிறது. மறு நுனியைப் பிடிக்க வேண்டியவர் நீங்கள். கீழே போனவன் மேலே வருகிறபோது கயிற்றை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிற மச்சான் எவனாவது இந்தக் கடற்கரையில் உண்டா?

இன்னும் சிலருக்குக் கயிறே கட்டப்படவில்லை. அதைத்தான் நாம் உரக்கக் கேட்க வேண்டும். 2019 பிப்ரவரி 14, புல்வாமா. 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் ஒரே வெடியில் போனார்கள். அதில் ஒருவர் கயத்தாறு பக்கம் சவலாப்பேரிச் சுப்பிரமணியன். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு. ஊரே திரண்டு வந்து அவருக்கு மண் போட்டது. அன்று அழுத எத்தனை பேருக்குத் தெரியும், சி.ஆர்.பி.எஃப்.பில் ஓய்வு பெறுபவர் சட்டப்படி முன்னாள் படைவீரர் கணக்கில் வர மாட்டார் என்று? தரைப்படை, கடற்படை, விமானப்படை, இந்த மூன்றில் இருந்தவர்கள்தான் அந்த வரையறைக்குள். துறைமுகக் கடலைச் சுற்றி வருகிற கடலோரக் காவல்படையினர்கூட அதற்குள் இல்லை. 2004-க்குப் பின் சேர்ந்த சி.ஆர்.பி.எஃப். காவலருக்குப் பழைய பென்ஷனும் இல்லை. 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுக்க வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. குண்டுக்கு மூன்று படை, நான்கு படை என்ற கணக்குத் தெரியாது.

அடுத்தது அக்னிவீரர்கள். 2022 ஜூனில் அறிவித்த திட்டம். நாலு வருஷ வேலை, அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரம், மற்றவர்கள் ஏறத்தாழ 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் சேவை நிதியோடு வீடு திரும்ப வேண்டும். பென்ஷன் கிடையாது, ராணுவ மருத்துவத் திட்டம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற பெயரும் கிடையாது. முதல் அணி 2022 கடைசியில் பயிற்சிக்குப் போனது. அவர்கள் திரும்புகிற காலம் 2026 முடிகிற வேளை. திட்டம் சரியா தவறா என்று டீக்கடையில் நாள் முழுக்கப் பேசலாம். பேசுங்கள். ஆனால் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதில் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கப் போகிற அந்தப் பையனுக்கு இந்தத் துறைமுக நகரம் என்ன வைத்திருக்கிறது? சரக்குக் கிடங்குகள், அனல்மின் நிலையங்கள், கப்பல் ஏஜென்சிகள், உப்பு நிறுவனங்கள் என்று இத்தனை முதலாளிகள் இருக்கிற ஊர் இது. "எங்கள் பையன்கள் வருகிறார்கள், எத்தனை இடம் ஒதுக்குகிறீர்கள்?" என்று நிறுவனத்தின் வாசலில் போய்க் கேட்கிற வியாபாரிகள் சங்கம் எது, ஊர்க் கமிட்டி எது, கல்லூரி எது? கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயப்படாதீர்கள். கேட்காமல் எவரும் எடுத்து வைத்ததில்லை.

கேட்டால் உடனே கிடைக்குமா? கிடைக்காது. இதைச் சொல்லாமல் உங்களை உசுப்பிவிட்டால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். 'ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்' என்ற கோரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் மூன்றாவது ஊதியக் குழுவை ஒட்டித் தங்கள் பென்ஷனில் கை வைத்தார்கள் என்பது முன்னாள் படைவீரர்களின் நெடுநாள் குமுறல். மாநிலங்களவையின் மனுக்கள் குழுவுக்கு இதற்காக ஒரு மனு போனது. பகத்சிங் கோஷியாரி தலைமையிலான அந்தக் குழு 2011 டிசம்பரில் கோரிக்கை நியாயம் என்று அறிக்கை கொடுத்தது. அதன்பிறகும் நடக்கவில்லை. 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் தலை நரைத்தவர்கள் மார்பில் பதக்கங்களோடு வெயிலில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று போலீஸ் வந்து கலைக்கப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. செப்டம்பர் 5-இல் அரசு அறிவித்தது, நவம்பர் 7-இல் ஆணை வந்தது. அதிலும் குறை இருந்தது. மறுபடி உச்ச நீதிமன்றம் போனார்கள். 2022 மார்ச் 16-இல் வந்த தீர்ப்பு அரசின் கொள்கை செல்லும் என்றது, ஆனால் 2019 ஜூலை 1 முதல் மறுபடி கணக்கிட்டு நிலுவையைக் கொடு என்றும் சொன்னது. அரசு தவணை கேட்டது. 2023 மார்ச் 20-இல், மூடிய உறையில் அரசு கொடுத்த குறிப்பை வாங்க மறுத்து, விதவைகளுக்கும் வீரப் பதக்கம் பெற்றவர்களுக்கும் ஏப்ரல் 30-க்குள், 70 வயது கடந்தவர்களுக்கு ஜூன் 30-க்குள் என்று நீதிமன்றம் தேதி குறித்தது. அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட். 1982-இல் நகாரா வழக்கைக் கேட்ட அமர்வின் தலைவர் ஒய்.வி. சந்திரசூட் அவருடைய அப்பா. ஒரு தலைமுறை கடந்தும் அதே வாசலில் அதே கேள்வியோடு நின்றுகொண்டிருந்தார்கள் நம் ஆட்கள், சோர்ந்து வீட்டுக்குப் போகவில்லை.

தனி மனிதர் கதையும் இருக்கிறது. தரம்வீர் சிங் என்ற சிப்பாய், 1985-இல் சிக்னல்ஸ் படையில் சேர்ந்தார். ஒன்பது ஆண்டில் வலிப்பு நோய் வந்தது. 1994-இல் வீட்டுக்கு அனுப்பினார்கள், இந்த நோய்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை, ஊனமுற்றோர் பென்ஷன் கிடையாது என்றார்கள். சேரும்போது உடம்பு நன்றாக இருந்ததா இல்லையா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. 2013 ஜூலை 2-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சேரும்போது குறையில்லை என்று எழுதி எடுத்தீர்கள், பின்னால் வந்த நோய் பணியால் வந்தது இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு, அவருடையது இல்லை என்றது. அந்த ஒரு சிப்பாயின் பிடிவாதத்தால் அவருக்குப் பின் எத்தனையோ பேர் தங்கள் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள்.

கடல் தாண்டியும் பாருங்கள். பிரிட்டனுக்காகப் போரிட்ட கூர்க்கா வீரர்களில் 1997-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அங்கே குடியேறும் உரிமை இல்லை. ஜோவன்னா லம்லி என்ற நடிகை அவர்களுக்காகத் தெருவுக்கு வந்தார். அவர் எம்.பி. இல்லை, மந்திரி இல்லை. அப்பா கூர்க்கா படையில் அதிகாரி, அந்த நன்றி மட்டும்தான். 2009 ஏப்ரல் 29-இல் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் அரசே தோற்றது. மே மாதம் உரிமை கிடைத்தது.

இப்போது நம் கதைக்கு வருவோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கோரம்பள்ளத்தில் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே யாரும் போகலாம். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க்கு ஒரு கேள்வி கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மாவட்டத்தில் எத்தனை குடும்ப பென்ஷன் மனு நிலுவையில் இருக்கிறது, எதனால் என்று நீங்கள் கேட்டால் ஒருவர் கோப்பைத் தேடி எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற படையினர், துணை ராணுவத்தினர், அக்னிவீரர் பட்டியல் எடுக்க வேண்டும் என்று எழுந்து நின்று தீர்மானம் கொடுங்கள், பதிவேட்டில் ஏறும்வரை உட்காராதீர்கள். எம்.பி. மேலொப்பம் இட்டால் மாநிலங்களவைக்கு மனு போடலாம், கோஷியாரி குழுவின் அறிக்கை அப்படி ஒரு மனுவில் இருந்துதான் பிறந்தது. சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2025 ஜூலை 26 கார்கில் நாளில் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவித் திட்டம் தொடங்கியிருக்கிறது. முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடன், அதில் 30 விழுக்காடு மூலதன மானியம் என்று 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தைத் தமிழக அரசு வைத்திருக்கிறது. தெரிந்தவர் எத்தனை பேர்? தெரியாதவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க என்ன செலவு? உங்கள் நாக்கு அசைய வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றில் மட்டும் கவனம். இரக்கத்தோடு போகாதீர்கள். டிசம்பர் 7 கொடிநாளில் உண்டியலில் போடுகிற காசு நல்ல காசு, 1949-இல் இருந்து வருகிற வழக்கம், தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதோடு கடமை முடிந்தது என்று நினைத்தால் அவர்களை உதவி பெறுபவர்களாக ஆக்கிவிட்டோம். அவர்கள் கேட்பது உழைத்த கூலியின் மிச்சம். அலுவலகத்துக்குப் போகும்போதும் அப்படியே பேசுங்கள். "ஐயா, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்ற பேச்சு வேண்டாம். "ஐயா, இந்த மனு எண் இது, கொடுத்த தேதி இது, எந்த நாளில் முடியும் என்று எழுதிக் கொடுங்கள்" என்று மரியாதையாக, நிமிர்ந்து, கண்ணைப் பார்த்துக் கேளுங்கள். முதல்முறை குரல் நடுங்கும். நடுங்கட்டும். நடுங்குகிற குரலில் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் சட்டம் இருக்கிறது. நாலாவது முறை நடுங்காது. அதன்பிறகு உங்கள் வீட்டுக் குடிநீர்க் குழாய்க்கும், பிள்ளையின் கல்விக் கடனுக்கும் எந்த மேஜைக்கு முன்னாலும் நீங்கள் கூனி நிற்க மாட்டீர்கள்.

ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். போய், "அண்ணாச்சி, டிஸ்சார்ஜ் புக்கைக் கொஞ்சம் எடுங்க" என்று கேளுங்கள். அவர் வீட்டு அக்காவின் பெயரும் பிறந்த தேதியும் அதிலும் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று அவர் உயிரோடு இருக்கும்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ரெக்கார்ட் ஆபீசுக்குத் திருத்த விண்ணப்பம் எழுதி, நகல் எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அவர் கண் முன்னால் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள். வேண்டாம் தம்பி, பிறகு பார்த்துக்கலாம் என்பார். உட்கார்ந்து எழுதுங்கள்.